பாதுகாக்கப்பட்ட பைன் காட்டுல கஷ்டமான எம்டிபி ரைடு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பைன் காட்டுக்குள்ள ஒரு பெரிய மவுண்டன் பைக் ரைடு போகணும்னு கிளம்புறவங்க பெரும்பாலும் முதல்ல கேக்குறது "எந்த சைக்கிள், எந்த டயர்"தான். என்னைக் கேட்டா அது கடைசியில வர வேண்டிய கேள்வி. அந்தக் காட்டுல எங்க விடுவாங்க எங்க விடமாட்டாங்க, பாதியில முடியலன்னா எந்த வழியா வெளிய வரலாம், இது ரெண்டும் தெரிஞ்சப்புறம்தான் காலும் வண்டியும். திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்களைக் கேட்டவங்க வார்த்தையிலயே போட்டு, கிட்டத்தட்ட அந்த வரிசையில பதில் எழுதிருக்கேன்.

பாதுகாக்கப்பட்ட காடுன்னு போர்டு இருந்தாலே சைக்கிளை உள்ள விடமாட்டாங்கதானே?

அப்படி ஒட்டுமொத்தமா சொல்ல முடியாது. பாதுகாப்புல நிறைய லெவல் இருக்கு. ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட வகைப்பாட்டுல 1ஏ-ல இருந்து 6 வரைக்கும் போகுது, 1ஏ-ங்கிறது ஆள் நடமாட்டத்தையே ரொம்பக் கறாரா கட்டுப்படுத்துற காடு, 5, 6 எல்லாம் மனுஷங்க புழங்கிக்கிட்டே இருக்குற இடம். நாட்டுக்கு நாடு சட்டமும் வேற. அமெரிக்காவுல 1964 வைல்டர்னஸ் சட்டத்துக்குக் கீழ வர்ற காட்டுல சைக்கிளுக்கே இடமில்ல, ஸ்காட்லாந்துல 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்பா நடந்துக்கிட்டா பெரும்பாலான இடத்துல சைக்கிள்ல போக உரிமையே இருக்கு. ரெண்டு ஊர்லயும் பைன் காடு இருக்கு, ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரே காட்டுக்குள்ளயும் மண்டலம் மண்டலமா பிரிச்சிருப்பாங்க. வெளி வளையத்துல சைக்கிள் ஓகே, நடுவுல இருக்குற கோர் பகுதியில நடக்கவே கூடாதுன்னு இருக்கலாம். அதனால "காடு திறந்திருக்கா"ன்னு கேக்காதீங்க, "இந்தப் பாதை திறந்திருக்கா"ன்னு கேளுங்க.

பர்மிஷன் யார்கிட்ட கேக்கணும்? போன் பண்ணி என்னன்னு கேக்குறது?

அந்தக் காட்டை நிர்வாகம் பண்றவங்ககிட்ட. வனத்துறையா இருக்கலாம், பூங்கா நிர்வாகமா இருக்கலாம், சில இடத்துல தனியார் நிலமும் நடுவுல வரும். போற தேதியைச் சொல்லி அந்தத் தேதிக்கு என்ன நிலைமைன்னு கேளுங்க, ஏன்னா பறவை கூடு கட்டுற சீசன், வேட்டை சீசன், மரம் வெட்டுற வேலை, தீ ஆபத்து இதுக்கெல்லாம் தற்காலிகமா மூடுவாங்க, அது மேப்ல வராது. எத்தனை மணிக்குள்ள வெளிய வரணும், குரூப்னா எத்தனை பேர் வரைக்கும், ட்ரோன் பறக்க விடலாமா, இதையும் அதே போன்லயே கேட்டுருங்க. முடிஞ்சா மெயில்ல பதில் வாங்கி போன்ல சேவ் பண்ணி வைங்க. கேட்ல நிக்கிற ஆளுக்கு நீங்க ஆபீஸ்ல பேசினது தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

ஸ்ட்ராவா ஹீட்மேப்ல பளிச்சுன்னு கோடு தெரியுது ப்ரோ, அப்போ எல்லாரும் போறாங்கன்னுதானே அர்த்தம்?

ஸ்ட்ராவாங்கிறது ரைடைப் பதியுற ஆப், நிறைய பேர் போன வழியை அதோட ஹீட்மேப் பளிச்சுன்னு காட்டும். போயிருக்காங்கன்னு அர்த்தம். போகலாம்னு அர்த்தம் இல்ல. அந்தக் கோடு நடந்து போனவங்களோடதா இருக்கலாம், மூடுறதுக்கு முன்னாடி பதிஞ்சதா இருக்கலாம், சும்மா திருட்டுத்தனமா போன வழியாவும் இருக்கலாம். யார் வேணாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லயும் இதே கதைதான், பாதை வரைஞ்சிருக்கும், சைக்கிளுக்கு அனுமதி இருக்கா இல்லையாங்கிற விவரம் பல பாதைக்கு நிரப்பாமலே கிடக்கும். ஹீட்மேப்பை எதுக்குப் பயன்படுத்தலாம்னா, அனுமதி இருக்குற ரெண்டு மூணு பாதையில எது ஆள் நடமாட்டம் உள்ளதுன்னு பாக்குறதுக்கு. அதோட நிறுத்திக்கோங்க.

எத்தனை கிலோமீட்டர் போட்டா "சேலஞ்சிங்"னு சொல்லலாம்?

கிலோமீட்டரை வச்சு எதுவும் சொல்ல முடியாது. தார் ரோட்டுல 100 கிலோமீட்டர் அசால்ட்டா போறவர் காட்டுல 25 கிலோமீட்டர்ல உக்காந்துருவார். பாக்க வேண்டியது ரெண்டு: மொத்த ஏத்தம் எவ்வளவு, பாதை எவ்வளவு டெக்னிக்கல், அதாவது ஓட்ட எவ்வளவு திறமை வேணும். 12 கிலோமீட்டர்ல 1200 மீட்டர் ஏறுதுன்னா சராசரி 10 சதவீத ஏத்தம், சராசரியே அவ்வளவுன்னா நடுவுல 18, 20 வரக்கூடிய இடமும் இருக்கும், வேரும் கல்லும் கிடக்குற பாதையில அங்க நிறைய பேர் இறங்கித் தள்ளத்தான் செய்வாங்க.

டெக்னிக்கல் அளவுக்கு சிங்கிள்ட்ரெயில் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, எஸ்0-ல இருந்து எஸ்5 வரை. எஸ்0 தடங்கலே இல்லாத மண் பாதை, எஸ்2-க்கு வந்தா பெரிய வேர், கல்லு, படி மாதிரி இறக்கம், எஸ்3-ல குறுகலான ஹேர்பின் வளைவும் சேர்ந்துக்கும், எஸ்5 எல்லாம் நம்ம வேலை இல்ல. இன்னொரு முறை இம்பாங்கிற சர்வதேச மவுண்டன் பைக் அமைப்போடது, சுலபத்துல இருந்து கஷ்டம் வரை பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு டைமண்ட், ரெட்டைக் கருப்பு டைமண்ட்னு போகும். வழக்கமா என்ன லெவல் ஓட்டுறீங்களோ அதையே காட்டுக்கும் வைங்க, கஷ்டத்தை ஏத்தத்துலயும் நேரத்துலயும் கூட்டிக்கோங்க. ஆளே வராத இடத்துல போய் ஒரு லெவல் மேல டெக்னிக் பழகுறது எனக்குச் சுத்தமா பிடிக்காத யோசனை.

அண்ணா, நேரத்தை எப்படிக் கணக்குப் போடுறது? கூகுள் சொல்றது சரியா வருமா?

வராது. ஏத்தத்தை வச்சுப் போடுங்க. ஓரளவு பயிற்சி இருக்குறவர் காட்டுப் பாதையில ஒரு மணி நேரத்துக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவார்னு வச்சுக்கலாம், நல்லா பழகினவர் 600 ஏறலாம். 1200 மீட்டர்னா மூணு மணி நேரம் ஏத்தத்துக்கே போயிரும். டெக்னிக்கல் இறக்கம் நினைக்கிற வேகத்துல வராது, மணிக்கு 10 கிலோமீட்டர்னு போடுங்க, அதுக்கு மேல நிக்கிறது, பஞ்சர், மேப் பாக்குறது, போட்டோன்னு மூணுல ஒரு பங்கு சேருங்க. குரூப்னா இருக்குறதுலயே மெதுவான ஆளோட வேகம்தான் கணக்கு.

அப்புறம் திரும்புற நேரம்னு ஒண்ணை வீட்டுலயே முடிவு பண்ணிருங்க. "1 மணிக்குள்ள மேல போய்ச் சேரலன்னா எங்க இருந்தாலும் திரும்புறோம்"னு எல்லாரும் ஒத்துக்கணும். மேல போனப்புறம் இதைப் பேச ஆரம்பிச்சா "இன்னும் கொஞ்சம்தான்"னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். அடர்த்தியான பைன் காட்டுக்குள்ள வெளிச்சம் வெளிய இருக்குறதை விட சீக்கிரமே போயிரும், அதையும் சேர்த்துதான் அந்த நேரம்.

ரூட்டை எப்படிப் போடுறது? பெரிய லூப்பா, போன வழியே திரும்பி வர்றதா?

ஒரே பெரிய லூப் பாக்க அழகா இருக்கும், ஆனா பாதி தூரம் போயிட்டா முன்னாடி போறதும் பின்னாடி வர்றதும் ஒரே தூரம்தான், மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டதுதான். என் விருப்பம் எட்டு வடிவம்: நடுவுல ஒரு இடத்தை ரெண்டு தடவை கடக்குற மாதிரி. முதல் வளையம் முடிஞ்சதும் உடம்பு, வானிலை, நேரம் பாத்துட்டு ரெண்டாவதுக்குப் போலாமா வேணாமான்னு முடிவு எடுக்கலாம். கஷ்டமான பகுதி முதல் பாதியில வரட்டும், கை தளர்ந்தப்புறம் இறங்குற எஸ்2 பாதை வேற பாதை மாதிரியே இருக்கும்.

வெளியேறுற வழிகளை மேப்ல தனிக் கலர்ல குறிச்சு வைங்க. காட்டுக்குள்ள ஜீப் போற ரோடு, தீத்தடுப்புக் கோடு (தீ பரவாம இருக்க மரம் செடி இல்லாம விட்ட பட்டை), மெயின் ரோடு எங்கெங்க பாதையைத் தொடுதுன்னு பாருங்க. எந்த இடத்துல இருந்தாலும் ஒரு மணி நேரத்துல சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்து ஒரு ரோட்டுக்கு வர முடியணும், இது நானா வச்சிருக்குற அளவு. அப்படி வர முடியாத பகுதி இருந்தா தனியா போறவங்க அதை வெட்டிருங்க.

போன்ல ஜிபிஎஸ் இருக்கே, தனியா வேற எதுக்கு?

ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்தான் வராது. சிக்னல் இல்லாத இடத்துல மேப் லோட் ஆகாது, அதனால ஆஃப்லைன் மேப்பும் ரூட்டைப் பதிஞ்சு வச்ச ஜிபிஎக்ஸ் ஃபைலும் வீட்டுலயே டவுன்லோட் பண்ணி, ஏரோப்ளேன் மோட்ல போட்டு ஒரு தடவை திறந்து பாத்துட்டுக் கிளம்புங்க. அடர்த்தியான மரத்துக்குக் கீழயும் பள்ளத்துலயும் புள்ளி கொஞ்சம் தள்ளிக் காட்டும், ரெண்டு பாதை பக்கத்துல பக்கத்துல பிரியுற இடத்துல அது எந்தப் பாதைன்னு குழப்பும், அங்க 50 மீட்டர் போய்ட்டு நின்னு பாருங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும். பிரிண்ட் எடுத்த மேப் ஒண்ணு பிளாஸ்டிக் கவர்ல இருக்கட்டும்.

பைன் ஊசி மேல ஓட்டுறது அவ்வளவு மோசமா? மண்ணு மாதிரி மெத்துன்னுதானே இருக்கு?

மெத்துன்னு இருக்கும், அதுலதான் ஆளை ஏமாத்தும். பைன் ஊசி மெழுகும் பிசினும் உள்ளது, சீக்கிரம் மக்காது, வருஷக்கணக்கா அடுக்கடுக்கா சேரும். மேல காஞ்சு கிடக்குற அடுக்கு கீழ் அடுக்கு மேல வழுக்கும், டயர் பிடிக்கிறது மண்ணை இல்ல, நகர்ற ஒரு பாயை. நேரா போறப்போ ஒண்ணும் தெரியாது, வளைவுல சாய்ச்சு முன் பிரேக்கைத் தொட்டா முன் சக்கரம் போயிரும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடி நேரா இருக்குறப்பவே முடிச்சுக்கோங்க, வளைவுல சைக்கிளை ரொம்பச் சாய்க்காம உருள விடுங்க.

ரெண்டாவது, ஊசிக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது. மண் ஆழம் கம்மியா இருக்குற பாறை நிலத்துல பைன் வேர் மேலாகவே படர்ந்து பாதையைக் குறுக்க வெட்டும், அதை ஊசி மூடிருக்கும். ஈர வேர் மேல சாய்வா ஏறினா சக்கரம் வேர் போற திசையிலயே இழுத்துக்கிட்டு ஓடும், முடிஞ்ச வரை செங்குத்தா வெட்டணும், அந்த நொடியில பிரேக்கும் வேணாம், மிதியும் வேணாம், உடம்பை லேசாக்கி மேல தூக்கிக்கோங்க. ஏத்தத்துலயும் இதே ஊசிதான் பின் சக்கரத்தைச் சுழல விடும், எழுந்து நின்னு மிதிக்காம சீட் நுனியில உக்காந்து சின்ன கியர்ல ஒரே சீரா மிதிங்க. பைன் காயும் கவனம், மேல ஏறினா முன் சக்கரத்தைத் திருப்பி விட்டுரும்.

இதுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கணுமா, ஹார்ட்டெயில் போதாதா?

எஸ்1, எஸ்2-ன்னா நல்ல ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது) தாராளமா போதும், ஏத்தத்துல லேசாவும் இருக்கும். நாள் முழுக்க வேர் மேல குலுங்கப் போறீங்கன்னா முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் இருக்குற ஃபுல் சஸ்பென்ஷன்ல முதுகும் கையும் சாயங்காலம் வரை தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சஸ்பென்ஷனை விட முக்கியம் கியர். முன்னாடி 30 அல்லது 32 பல், பின்னாடி இருக்குறதுலயே பெரிய பல்சக்கரத்துல 51 அல்லது 52 பல் இருந்தா பத்து சதவீத ஏத்தத்துல மூச்சு விட முடியும். ட்ராப்பர் போஸ்ட் (லிவரை அமுக்கினா சீட் இறங்குற கம்பி) இருந்தா இறக்கத்துல சீட்டைக் கீழ இறக்கிக்கலாம், இல்லன்னா இறங்கி கையால இறக்கணும், இறக்கத்துக்கு முன்னாடி சோம்பல் படாம அதைச் செய்ங்க.

டயர்ல எவ்வளவு காத்து? நான் எப்பவும் 40 பிஎஸ்ஐ வைப்பேன்

40 இந்த மாதிரி இடத்துக்கு ரொம்ப அதிகம், வேர் மேல பட்டதும் பந்து மாதிரி எகிறும். 70, 80 கிலோ ஆளுக்கு 2.3 அல்லது 2.4 இன்ச் டியூப்லெஸ் டயர்னா முன்னாடி 20-ல இருந்து 24, பின்னாடி 23-ல இருந்து 27 வச்சு ஆரம்பிங்க, ரிம் அடி வாங்குற சத்தம் கேட்டா ரெண்டு ஏத்துங்க. டியூப் போட்டிருந்தா அஞ்சாறு பிஎஸ்ஐ கூட வேணும், இல்லன்னா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ல ஓட்டையை அடைக்க ஊத்துற சீலன்ட் ரெண்டுல இருந்து ஆறு மாசத்துல காஞ்சுரும், வெயில் ஊர்ல இன்னும் சீக்கிரம், கிளம்புறதுக்கு முந்தின வாரம் திறந்து பாருங்க.

பேக்ல என்னென்ன டூல்ஸ் இருக்கணும்?

மல்டிடூல், செயின் கட்டர், அறுந்த செயினைச் சேர்க்க, உங்க செயினுக்குப் பொருந்துற க்விக் லிங்க் ரெண்டு, டியூப்லெஸ் பிளக், அதோட ஒரு டியூபும் பம்பும், டயர் லிவர். நிறைய பேர் மறக்குறது டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின்னாடி கியர் மாத்துற டீரெய்லரை ஃபிரேமோட பிடிச்சு வைக்கிற சின்னத் துண்டு. ஒரு குச்சி சிக்கினாலே அது வளையும் இல்ல உடையும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேற வேற மாடல், கூட வர்றவரோடது உங்களுக்குச் சேராது. முதலுதவிப் பை, விசில், ஹெட்லைட், லேசான ரெயின் ஜாக்கெட்டும் இருக்கட்டும், பகல் ரைடா இருந்தாலும்.

இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போச்சுன்னு சொல்றாங்களே, அது ஏன்?

லேசா பிடிச்சுக்கிட்டே நாலஞ்சு கிலோமீட்டர் இறங்கினா டிஸ்க்கும் பேடும் ஆறவே நேரம் கிடைக்காது, சூடு ஏறி பிடிப்பு குறையும். அழுத்தமா பிடிச்சு வேகத்தைக் குறைங்க, விடுங்க, திரும்ப பிடிங்க. நீளமான இறக்கத்துல நடுவுல நின்னு ஆற விடுங்க, கையும் ஆறும். ஆர்கானிக் பேடை விட மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும், சத்தம் போடும், பரவாயில்ல. பின் சக்கரத்தை லாக் பண்ணி சறுக்கிக்கிட்டு இறங்குறதை மட்டும் விட்டுருங்க, அது பாதையை உழுதுரும், அடுத்த மழைக்கு அதே தடத்துல தண்ணி ஓடி வாய்க்கால் ஆயிரும். பாதுகாக்கப்பட்ட காட்டுல சைக்கிளுக்குத் தடை கேக்குறவங்க முதல்ல போட்டோ எடுத்துக் காட்டுறது அந்தத் தடத்தைத்தான்.

தண்ணி, சாப்பாடு எவ்வளவு? ஓடையில குடிச்சுக்கலாமா?

தண்ணி மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர், வெயில்ல இன்னும் கூட. கார்போஹைட்ரேட் மணிக்கு 30-ல இருந்து 60 கிராம், பசிக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. ஏற்கனவே சாப்பிட்டுப் பழகினதா கொண்டு போங்க. ஓடைத் தண்ணி பாக்க எவ்வளவு தெளிவா இருந்தாலும் ஃபில்டர் பண்ணித்தான் குடிக்கணும். கொதிக்க வைக்கலாமேன்னு அடுப்பு கொண்டு போற ஆள் கீழ தீ பத்தின பதிலைப் படிச்சுட்டு முடிவு பண்ணட்டும்.

தனியா போலாமா?

பர்மிஷன்ல தடை இல்லன்னா போலாம், ஆனா ரூட் சுருங்கணும், மேல வெளியேறுற வழி பத்திச் சொன்னது தனி ஆளுக்குக் கட்டாயம். வீட்டுல ஒருத்தர்கிட்ட ரூட், திரும்புற நேரம், "இத்தனை மணிக்குள்ள கூப்பிடலன்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணு"ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. சிக்னல் இல்லாத இடத்துல அடிபட்டா மலையில எல்லாருக்கும் தெரிஞ்ச உதவி சைகை ஒண்ணு இருக்கு: ஒரு நிமிஷத்துக்குள்ள ஆறு விசில் இல்ல ஆறு தடவை டார்ச், ஒரு நிமிஷம் இடைவெளி, திரும்ப ஆறு. பதில் சைகை நிமிஷத்துக்கு மூணு.

திடீர்னு இடி மின்னல் வந்தா மரத்தடியில நின்னுக்கலாமா?

தனி மரத்தடி, உயரமான மரத்தடி, மேட்டு முகடு மூணும் கூடாது. மின்னல் தெரிஞ்சு 30 வினாடிக்குள்ள சத்தம் கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், இறங்க ஆரம்பிங்க. கட்டடமோ காரோ கிடைக்கலன்னா ஒரே உயரத்துல குட்டையா இருக்குற மரக்கூட்டத்துக்கு நடுவுல, அடிமரத்துல இருந்தும் வேர்ல இருந்தும் தள்ளி, குத்தவச்சு உக்காருங்க, சைக்கிளைத் தூரமா போடுங்க, ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்க. கடைசி இடிச் சத்தத்துக்கு அப்புறம் 30 நிமிஷம் பொறுக்கணும். மேல போகப் போக 1000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி குறையும், நனைஞ்ச உடம்போட அந்த அரை மணி நேரம் உக்காரத்தான் ஜாக்கெட் சொன்னேன்.

தீ ஆபத்துன்னு காட்டை மூடுறது கொஞ்சம் ஓவரா இல்லையா? நாம சைக்கிள்தானே ஓட்டுறோம்

ஓவரே இல்ல. பைன் மரத்துல பிசின் இருக்கு, கீழ கிடக்குற ஊசி வெயில்ல சீக்கிரம் காஞ்சுரும், காத்தும் சேர்ந்தா தரையில பத்தின தீ மரத்து உச்சிக்கு ஏறி உச்சியிலயே தாவித் தாவிப் போகும். சில பைன் வகைக்குத் தீ பட்டாத்தான் காய் நல்லா திறந்து விதை விழும், அந்த மரத்துக்குத் தீ பழகின விஷயம், நமக்கு இல்ல. மூடினா மூடினதுதான், தேதியை மாத்துங்க. திறந்திருந்தாலும் அடுப்பு, சிகரெட், தீப்பெட்டி எதுவும் வேணாம்.

உள்ள இருக்குறப்போ புகை தெரிஞ்சா முதல்ல காத்து எந்தப் பக்கம்னு பாருங்க. தீ ஏத்தத்துல வேகமா ஓடும், சரிவு 10 டிகிரி கூடினா வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. அதனால தீ கீழ இருக்குறப்போ மேல ஏறித் தப்பிக்க நினைக்கிறதுதான் இருக்குறதுலயே மோசமான முடிவு. பக்கவாட்டுல விலகி, காத்துக்கு எதிர்ப்பக்கமா, ரோடு, தீத்தடுப்புக் கோடு, ஏற்கனவே வெறும் தரையா இருக்குற இடத்தைப் பாத்துப் போங்க. மேப்ல தனிக் கலர்ல குறிச்சீங்களே, அதுக்கு இப்போ வேலை. சிக்னல் கிடைச்ச உடனே தகவல் சொல்லுங்க, வேற யாராவது சொல்லிருப்பாங்கன்னு விடாதீங்க.

எதிர்ல நடக்குறவங்க, குதிரை, காட்டு விலங்கு வந்தா?

நடக்குறவங்களுக்கும் குதிரைக்கும் சைக்கிள்தான் வழி விடணும். ரெண்டு சைக்கிள்னா இறங்கி வர்றவர் ஏறி வர்றவருக்கு விடணும், ஏன்னா ஏத்தத்துல நின்னவர் திரும்பக் கிளம்புறது எவ்வளவு கஷ்டம்னு ஏறினவருக்குத்தான் தெரியும். குதிரையைப் பாத்தா பள்ளம் இருக்குற பக்கமா இறங்கி நின்னு சாதாரணமா பேசுங்க, குரல் கேட்டா அதுக்கு நீங்க மனுஷன்னு புரியும். விலங்குன்னா நின்னுருங்க, துரத்துறது, சுத்திப் போறது, போட்டோவுக்குக் கிட்ட போறது எதுவும் வேணாம். தெற்கு ஐரோப்பா பக்கம் பைன் காட்டுல கம்பளிப்புழுக்கள் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு போகும், அதோட முடி கண்ணுலயோ மூச்சுலயோ போனா பெரிய தொந்தரவு, தொடாம தாண்டுங்க.

பாதையில மரம் விழுந்து கிடக்கு, பக்கத்துல சுத்தி ஒரு சின்ன வழி போட்டுக்கலாமா?

வேணாம், தூக்கிக்கிட்டுத் தாண்டுங்க. நீங்க போட்ட வழியில அடுத்த வாரம் பத்துப் பேர் போவாங்க, அது பாதை ஆயிரும், அதுக்கு அப்புறம் நிர்வாகம் முழுப் பாதையையும் சைக்கிளுக்கு மூடினாலும் ஆச்சரியமில்ல. சேறுக்கும் இதேதான், ஓரமா போய்ப் பாதையை அகலமாக்காதீங்க, நடுவுலயே போங்க. முழுக்கச் சேறா இருந்தா அன்னிக்கு அந்தக் காட்டுக்குப் போகவே கூடாது.

இ-பைக், நைட் ரைடு இதெல்லாம்?

இ-பைக்கை சைக்கிளா மோட்டார் வண்டியான்னு ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி பாப்பாங்க. ஐரோப்பிய யூனியன்ல 250 வாட் வரைக்கும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல மோட்டார் உதவி நின்னுடுற பெடல் வண்டி சைக்கிள் கணக்கு, ஆனா பாதுகாக்கப்பட்ட காட்டோட தனி விதி அதுக்கு மேல. பர்மிஷன் போன்லயே கேட்டுருங்க. நைட் ரைடு அனுமதி இருந்தாலும் எனக்கு உடன்பாடு இல்ல, விலங்குகள் நடமாடுறதே அந்த நேரம்தான், விடியலும் அந்தியும் கூட அப்படித்தான்.

போயிட்டு வந்து சைக்கிளைக் கழுவியே ஆகணுமா? டயர்டா இருக்கும் சார்

அடுத்த ரைடு வேற காட்டுக்குன்னா கண்டிப்பா. டயர் இடுக்குல ஒட்டின மண்ணுல களை விதையும் மரத்தை அழிக்கிற கிருமியும் பயணம் பண்ணும், ஃபைட்டாப்தோரா மாதிரி, பூஞ்சையைப் போல இருக்குற நோய்க்கிருமி மண்ணு வழியாவே பரவும். பிரஷ் வச்சு மண்ணை எடுத்துட்டு, கழுவி, நல்லா காய விடுங்க, ஷூவையும் சேர்த்து. ஜாக்கி வீல்ல (டீரெய்லர்ல செயின் ஓடுற சின்னச் சக்கரம்) சுத்தின ஊசியை எடுத்துட்டுச் செயினுக்கு எண்ணெய் விடுங்க. பிசின் ஒட்டின கையோட டிஸ்க்கை மட்டும் தொடாதீங்க.